செவி எனும் அமானிதம்

குழந்தை பிறந்ததும் அதைச் சுத்தம் செய்து, துணியில் சுற்றி, வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமைப் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தபோது அவர்களின் காதில் பாங்கு சொன்னார்கள் என்று அபூராஃபிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இடம் பெற்றுள்ளது. இவ்வுலகில் அக்குழந்தையின் செவியைத் தீண்டும் முதல் ஒலி அல்லாஹ்வின் திருநாமமாக இருக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம் என நம் உலமாக்கள் விளக்கம் எழுதியுள்ளனர்.

அந்தப் பாங்கு அந்தக் குழந்தைக்குக் கேட்டதா என்பதை மட்டும் நாம் எவரும் விசாரிப்பதில்லை. கை கால்களை எண்ணிப் பார்க்கிறோம். கண்ணைத் திறந்ததா, பால் குடித்ததா என்று பார்க்கிறோம். காது மடல் அழகாக இருந்தால் காதும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். செவிட்டுத்தன்மை வெளியில் தெரியாத குறையாகும். பிள்ளைக்கு அதனால் காய்ச்சல் வராது, வலிக்காது, அழாது. தனக்கு ஒன்று குறைகிறது என்பதை அந்தப் பிள்ளையே அறியாது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டி, மலைக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் அஞ்செட்டி போன்ற ஊர்களில் மக்தப் நடத்தும் ஆலிம்களிடம் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம். "ஹஜ்ரத், பையனுக்கு ரெண்டரை வயசாகுது. இன்னும் பேச்சு வரலே. ஓதி ஊதி, ஒரு தாவீஜ் கட்டிக் குடுங்க" என்பார்கள். உடன் வந்த மாமியார், "இவன் தாதாவும் நாலு வயசுலதான் பேசினாராம். தானா வந்துடும்" என்பார். நாம் ஓதி ஊதுகிறோம். அதில் தவறேதும் இல்லை. சூரத்துல் ஃபாத்திஹாவையும் முஅவ்விததைனையும் ஓதிப் பார்ப்பது ஹதீஸில் உள்ளதே. ஆனால் ஓதி முடித்த பிறகு பிள்ளையின் முதுகுப்புறம் நின்று, அதன் கண்ணில் படாமல், ஒருமுறை கை தட்டிப் பார்க்கவேண்டும். பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கவேண்டும். திரும்பிப் பார்க்கவில்லையானால் பேச்சு தாமதமாவதன் காரணம் நாக்கில் இல்லை, காதில் இருக்கலாம். திரும்பிப் பார்த்தாலும் குறை இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பலத்த ஓசை மட்டும் கேட்டு, பேச்சொலி கேட்காத பிள்ளைகளும் உண்டு. ஆகவே கருவி கொண்டு சோதிப்பதே சரியான முறையாகும்.

தானாக வந்துவிடும் என்று காத்திருப்பதை ஸப்ரு என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

திருக்குர்ஆனில் நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்தில், மனிதன் தாயின் வயிற்றிலிருந்து ஏதும் அறியாதவனாக வெளிவந்ததையும், அவனுக்குச் செவியும் பார்வையும் உள்ளமும் அளிக்கப்பட்டதையும் அல்லாஹ் நினைவூட்டுகிறான். இங்கும், வேறு பல இடங்களிலும், பார்வைக்கு முன்பாகச் செவியே கூறப்படுகிறது. ஏதும் அறியாத நிலையிலிருந்து அறிவுக்கு வரும் பாதையில் செவியே முதல் வாசல் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் தருவர். இன்றைய மருத்துவமும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. தாயின் கருவில் ஏறத்தாழ ஆறாம் மாதத்திலிருந்தே குழந்தை ஓசையைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்தபின் முதல் மூன்று ஆண்டுகளில் மூளை தான் கேட்கும் ஓசைகளைக் கொண்டு மொழியைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஓசையே போய்ச் சேராவிட்டால், மூளையில் கேள்விக்கென்று உள்ள பகுதி வேறு வேலைக்குப் போய்விடுகிறது. ஏழு வயதில் என்ன கருவி பொருத்தினாலும், இரண்டு வயதில் கிடைத்திருக்கக் கூடிய பலனில் பாதி கிடைப்பதும் அரிது.

காது எப்படிக் கேட்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொண்டால் மருத்துவர் சொல்வது விளங்கும். வெளிக்காதின் வழியே வரும் ஒலி செவிப்பறையில் மோதுகிறது. பறைக்கு அப்பால் மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன. அவற்றில் கடைசி எலும்பு ஓர் அரிசி மணியளவும் இல்லை. நம் உடலிலேயே சிறிய எலும்பு அதுதான். அது அசைய, நத்தை ஓடு போன்ற உட்காதில் உள்ள நீர் அசைகிறது. அந்த நீரில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் அணுக்கள் இருக்கின்றன. இவை ஒலியை மின்குறிப்பாக மாற்றி நரம்பு வழியே மூளைக்கு அனுப்புகின்றன. இந்த அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இதிலிருந்து கேள்விக் குறை இரு வகையாகிறது. ஒன்று, ஒலி உட்காதுக்குப் போகும் வழியில் ஏற்படும் தடை. குறும்பி அடைப்பது, நடுக்காதில் சீழ் பிடிப்பது, பறையில் ஓட்டை விழுவது, சிற்றெலும்பு இறுகிப்போவது ஆகியவை இவ்வகை. இவற்றுக்கு மருந்தும் அறுவையும் உண்டு, பெரும்பாலும் குணமாகும். இரண்டாவது, உட்காதோ நரம்போ கெடுவது. பிறவிக் குறை, கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, பிறந்தவுடன் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற சில ஊசிகள், ஓயாத இரைச்சல், முதுமை ஆகியவை இதற்குக் காரணங்கள். இவ்வகைக்குக் கருவிதான் துணை.

குழந்தைகளிடம் காணும் கேள்விக் குறையில் 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவதே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காதில் சீழ் வந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். பச்சிலைச் சாறு பிழிகிறார்கள். கொண்டை ஊசியால் குடைகிறார்கள். சாவிக்கொத்தில் காது குடைவதற்கென்றே ஒரு கரண்டி தொங்குகிறது! இவற்றால் கெட்ட காதுகள் ஏராளம். சீழ் வடிவது சின்ன விஷயம் என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதால் எலும்பு அரித்து, சீழ் மூளைவரை பரவி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

பெரியவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழும்போது ஒரு காது முழுதும் அடைத்துப் போயிருக்கும். "காத்து பட்டிருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்பார்கள். இது உட்காதில் திடீரென ஏற்படும் முடக்கமாக இருக்கலாம். இதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. முதல் சில நாட்களுக்குள், தப்பினால் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் கேள்வி திரும்ப வாய்ப்பு அதிகம். ஓதிப் பார்க்க விரும்புவோர் மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் அமர்ந்து ஓதிக்கொள்ளட்டும்.

வைத்தியமும் தவக்குலும்

அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணியை இறக்காமல் இறக்கவில்லை என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியில் உள்ளது. கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா எனக் கேட்டபோது, செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கின்றார்கள். இதை எல்லோரும் அறிவர்.

இருந்தும் சிலர் வேறொரு ஹதீஸைக் காட்டுவர். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ செய்யக் கோரினார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் துஆ செய்கிறேன் என அவர்கள் கூற, அப்பெண் பொறுமையையே தேர்ந்துகொண்டார். புகாரியில் உள்ள இந்த ஹதீஸை வைத்து, குறையைப் பொறுப்பதே மேல் என்பது அவர்கள் வாதம். ஆனால் அப்பெண்மணி தம் உடலுக்காகத் தாமே தேர்ந்தார். அவர் பருவமடைந்தவர், அறிவுள்ளவர், இரண்டு வழிகளும் அவர் முன் வைக்கப்பட்டன. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் சார்பில் தகப்பனார் ஸப்ரைத் தேர்ந்துகொள்ள முடியுமா? பிள்ளையின் செவி அவருக்குச் சொந்தமன்று. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 36ஆம் வசனம் எச்சரிப்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மன்னர் ஔரங்கஜேப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியில், தீங்கை நீக்கும் வழிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தாகத்துக்குத் தண்ணீர் போல நிச்சயமானவை, வைத்தியம் போலப் பெரும்பாலும் பலன் தருபவை, வெறும் ஊகமானவை என்பன அவை. நிச்சயமான வழியை விடுவது தவக்குல் ஆகாது என்பது அதன் கருத்து. நம் காலத்தில், 1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வைத்தியம் செய்யாது விட்டால் உயிரோ அங்கமோ போகும், அல்லது ஊனம் ஏற்படும் என்ற நிலையில் வைத்தியம் வாஜிப் எனத் தீர்மானித்துள்ளது. காது கேளாத பிள்ளை காலத்தில் கவனிக்கப்படாவிட்டால் பேச்சையும் இழக்கிறது. ஒரு குறை இரண்டாகிறது. இதைவிடத் தெளிவான ஊனம் வேறென்ன?

எங்கே போவது?

குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவி பொருத்துதல் என்பது உலக மருத்துவர்கள் வகுத்துள்ள கணக்கு. முதற் சோதனைக்கு ஓ.ஏ.இ. என்று பெயர். சின்னஞ்சிறு ஒலிவாங்கியைக் காதில் வைத்து, உட்காது எதிரொலி தருகிறதா எனப் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். இதில் ஐயம் வந்தால் பெரா எனும் சோதனை. உறங்கும் பிள்ளையின் தலையில் மின்கம்பிகளை ஒட்டி, ஒலி மூளையைச் சென்றடைகிறதா எனக் காண்பார்கள். ஊசி, கத்தி எதுவும் இல்லை. பிள்ளை சிறிது, சோதனை தாங்காது என்று பாட்டிமார் தடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி என மலைப்பாதையில் பயணம் செய்யவேண்டும் என்பது உண்மை. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் வருமானம். இருப்பினும் வழி இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் இலவசக் காதுக் கருவிக்கும் மனுச் செய்யலாம். எல்லைக்கு அந்தப்புறம் மைசூரில், 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேள்வி நிறுவனம் உள்ளது. இது மத்திய அரசின் நிறுவனமாகையால் எந்த மாநிலத்தவரும் செல்லலாம். பிள்ளையுடன் தாய்க்கும் பயிற்சி தருகிறார்கள். பம்பாயில் 1983இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம், மகாராஷ்டிர ஆளுநராக இருந்த அலீ யாவர் ஜங் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதையும் நம் சமுதாயத்தார் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணக் காதுக் கருவி ஒலியைப் பெரிதாக்கித் தருவது. உட்காதில் அணுக்கள் ஓரளவு மீதமிருந்தால் இது போதும். அடியோடு இல்லாத பிள்ளைக்கு எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. அத்தகைய பிள்ளைகளுக்குத்தான் காக்ளியர் இம்பிளாண்ட் எனும் கருவி. நத்தை வடிவான உட்காதுக்குள் மெல்லிய மின்கம்பியை அறுவை செய்து செலுத்துகிறார்கள். காதின் பின்னால் அணியும் வெளிக்கருவி ஒலியை வாங்கி, காந்தத்தின் துணையால் தோலுக்கு அடியில் உள்ள உட்கருவிக்கு அனுப்ப, அது நேரே நரம்பைத் தூண்டுகிறது. இதன் விலை லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. மத்திய அரசும் 2014 முதல் தன் உதவித் திட்டம் ஒன்றில் இதைச் சேர்த்துள்ளது. ஆறு வயது என்பது அரசின் எல்லை. பலன் முழுமையாகக் கிடைக்க இரண்டு மூன்று வயதுக்குள் செய்யவேண்டும் என்பதே மருத்துவர்களின் சொல். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் மனத்தில் வைக்கட்டும்.

அறுவையோடு வேலை முடிவதில்லை. கருவியை இயக்கிய அன்று பிள்ளைக்குக் கேட்பது வெறும் இரைச்சல். அதைச் சொல்லாக அறிய ஓராண்டு, ஈராண்டு பயிற்சி வேண்டும். அதில் பெரும்பகுதி தாய் வீட்டில் பேசும் பேச்சே. இங்கே எல்லைப்புறத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் தக்னி உருது, தெருவில் கன்னடமும் தெலுங்கும், பள்ளிக்கூடத்தில் தமிழ். பயிற்சி தருபவர் தமிழில் சொல்லித் தர, தாயும் தனக்குச் சரளமாக வராத தமிழில் நாலு வார்த்தை மட்டும் பேசிப் பிள்ளையை வளர்க்கப் பார்ப்பார். அது சரியன்று. தாய்க்கு எந்த மொழி தடையின்றி வாயில் வருமோ, அந்த மொழியிலேயே பகலெல்லாம் பிள்ளையோடு பேசவேண்டும். ஒரு மொழி நன்கு வேரூன்றினால் அடுத்தது தானே வரும். இதைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். இலவசமாகக் கிடைத்த கருவி பல வீடுகளில் பீரோவுக்குள் உறங்குகிறது. காரணம் கேட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்பார்கள். அல்லது, பெண் பிள்ளை, நாலு பேர் பார்த்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட இமாமைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. காதில் ஒரு கருவி மட்டும் எப்படி வெட்கமாயிற்று?

நம் முன்னோர்கள் இதில் வெட்கப்படவில்லை. கனவுகளுக்கு விளக்கம் தருவதில் புகழ்பெற்ற தாபிஈ இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களுக்குக் காது மந்தம் இருந்தது. நைஸாபூரின் ஹதீஸ் மேதை அபுல் அப்பாஸ் முஹம்மது இப்னு யஅகூப் (ரஹ்) அவர்களுக்கு, கல்விப் பயணம் முடித்து ஊர் திரும்பிய பின் கழுதை கத்தினாலும் கேட்காத அளவுக்குச் செவி போயிற்று. 'அல்அஸம்மு', அதாவது செவிடர், என்பதே அவர்களின் பெயராகி நிலைத்தது. இருந்தும் ஹிஜ்ரீ 346இல் மரணிக்கும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஹதீஸ் அறிவித்தார்கள். தம் பள்ளிவாசலில் பாங்கும் சொன்னார்கள். ஹாகிம் (ரஹ்) அவர்கள் அவர்களின் மாணவர். ஹாத்திமுல் அஸம்மு (ரஹ்) அவர்களின் கதை வேறு. மஸ்அலா கேட்க வந்த ஒரு பெண்ணுக்குக் காற்றுப் பிரிந்து, அவள் வெட்கித்து நிற்க, "உரக்கச் சொல், எனக்குக் காது கேட்காது" என்றார்களாம். இவருக்குக் கேட்கவில்லை என்று அப்பெண் நிம்மதியடைந்தாள். நன்றாகக் காது கேட்ட அப்பெரியார், பிறர் மானம் காக்கச் செவிடர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்கள். நம் காலத்தில் காது கேளாதவரே கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்!

உறவுத் திருமணம் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. தென்னாட்டில் மாமன் மகள், அத்தை மகள் என உறவுக்குள் மணம் முடிப்பது எல்லாச் சமுதாயத்தவரிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஷரீஅத் இதை அனுமதித்துள்ளது, கட்டளையிடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் முடிக்கும்போது, மறைந்திருக்கும் பிறவிக் குறை இருபுறமும் சேர்ந்து பிள்ளையிடம் வெளிப்படுகிறது. ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் தட்காய் என்ற மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே வாழும் குஜ்ஜர் முஸ்லிம்களிடையே பிறவிச் செவிடர் மிக அதிகம். வெளியார் இதைச் சாபம் என்றும் பேசினர். 2017இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, ஒட்டோஃபெர்லின் உள்ளிட்ட சில மரபணுக்களில் உள்ள பழுதே காரணம் எனக் கண்டறிந்தது. தமக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்தால் அது பெருகியது. அதே ஒட்டோஃபெர்லின் பழுதுடன் பிறந்த குழந்தைகள் சிலருக்குச் சீனாவில் நல்ல மரபணுவைக் காதுக்குள் செலுத்தி, கேள்வி திரும்பியதாக 2024இல் மருத்துவ ஏடுகள் அறிவித்தன. இது இன்னும் பரவலான சிகிச்சை ஆகவில்லை. குடும்பத்தில் ஏற்கனவே காது கேளாத பிள்ளை இருந்தால், அதே உறவுக்குள் அடுத்த சம்பந்தம் பேசும் முன் மருத்துவரிடம் யோசனை கேட்பதே அறிவுடைமை. சொத்து வெளியே போகும் என்ற கவலை பிள்ளையின் செவியைவிடப் பெரிதன்று.

ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கு ஷிஃப்டு வேலைக்குப் போகும் வாலிபர்களுக்கும், கிரானைட் அறுக்கும் இடங்களில் பணி செய்வோருக்கும் ஒரு சொல். உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலை எட்டு மணி நேரத்துக்கு எல்லையாக வைத்துள்ளன; 85க்கு மேலேயே கேடு தொடங்கும் என்பது மருத்துவர் கூற்று. அருகில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். காதடைப்பானைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வதில் வீரம் ஏதும் இல்லை. இரைச்சலால் வரும் கேள்விக் குறை, நம் நாட்டுச் சட்டத்தில் தொழில்நோயாகப் பட்டியலில் உள்ளது. ஆகவே வேலையில் சேரும்போதே காதைச் சோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்வது பின்னால் உதவும்.

சில மஸ்அலாக்கள்

உளூவில் காதுகளுக்கு மஸ்ஹு செய்வது சுன்னத். எனவே கருவியைக் கழற்றிவிட்டு மஸ்ஹு செய்வது சிறந்தது. ஈரம் பட்டால் கருவியும் கெடும். இம்பிளாண்ட் உள்ளவர் தலைக்கு மஸ்ஹு செய்ய வெளிக்கருவியைக் கழற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹனஃபீ மத்ஹபில் தலையில் நாலில் ஒரு பகுதியும், ஷாஃபிஈ மத்ஹபில் சிறு பகுதியும் போதுமாதலால் மற்ற இடத்தில் செய்துகொள்ளலாம். கடமையான குளிப்பில் வெளிக்கருவியைக் கட்டாயம் கழற்றவேண்டும். தோலுக்கு அடியில் உள்ள கருவி உடலின் உட்பகுதியைச் சேர்ந்தது. அதனால் குளிப்புக்குக் குறைவில்லை. அறுவைக் கட்டு இருக்கும் நாட்களில் கட்டின்மீது மஸ்ஹு செய்யவேண்டும். இதில் ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் சேர்வதற்கான நிபந்தனைகள் இருப்பதால் உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஸுஜூதில் அல்லது பெண்களின் முக்காட்டுக்குள் கருவி விசில்போல் ஒலிப்பது உண்டு. துணியோ தரையோ ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. ஒரு கையால் தொட்டு ஒலியைக் குறைத்துக்கொண்டால் தொழுகை முறியாது. அது சிறு செயலே.

தொழுகையில் ஓதுவது தன் காதில் விழவேண்டும் என்று படித்ததால், காது மந்தமான பெரியவர்கள் உரத்து ஓதிப் பக்கத்தில் நிற்பவரைக் குழப்பிவிடுகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. காது நன்றாக இருந்தால் எந்த அளவு ஒலி தமக்குக் கேட்குமோ, அந்த அளவு நாவை அசைத்து ஓதினால் போதும். பக்கத்தில் நிற்பவரும் முகம் சுளிக்காமல் இதை மெதுவாக எடுத்துச் சொல்லட்டும்.

நோன்பில் காதுக்குச் சொட்டு மருந்து விடுவது பற்றிப் பழைய நூல்களில் கண்டிப்பு உள்ளது. காதின் உட்புறம் உடலுக்குள் செல்லும் துவாரமாக அக்காலத்தில் கருதப்பட்டது. 1997இல் ஜித்தா ஃபிக்ஹு அகாடமி, தொண்டையில் இறங்குவதை விழுங்காதவரை காதுச் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என முடிவு கூறியது. பறை முழுதாக இருந்தால் மருந்து அதைத் தாண்டிச் செல்லாது என்பது இன்றைய உடற்கூறு. பறையில் ஓட்டை உள்ளவருக்கு நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வழி உண்டு. ஆகவே அவர் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹரிலும் விட்டுக்கொள்வது பேணுதலாகும். பகலிலும் விடவேண்டும் என மருத்துவர் வற்புறுத்தினால் விட்டுக்கொண்டு, பேணுதலுக்காக அந்நோன்பைக் களா செய்யலாம்.

பேச்சு வராதவரின் வழக்கமான சைகை, பேசுபவரின் சொல்லுக்குச் சமம் என்பது உஸ்மானிய மஜல்லாவின் 70ஆம் விதி. நிக்காஹ், வியாபாரம் ஆகியவை சைகையாலேயே நிறைவேறும். இதன் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். கண் தெரிந்து, சைகையால் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய செவிடர் மீது தொழுகையும் நோன்பும் கடமையே. "அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்று மக்தபுக்கு அனுப்பாமல் விடும் பெற்றோர்தான் குற்றவாளிகள் ஆவர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் புளிக்கலில் 2018இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் ஜும்ஆப் பிரசங்கத்தைச் சைகையிலும் எடுத்துரைக்க ஏற்பாடு செய்தனர். நம் ஜமாஅத்துகள் அந்த அளவு செய்ய இயலாவிட்டாலும், முதல் வரிசையில் இமாமின் முகம் தெரியும் இடத்தைக் காது மந்தமானவர்களுக்கு ஒதுக்கலாம். ஒலிபெருக்கியைக் கூட்டுவதால் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டுவிடாது, இரைச்சல்தான் கூடும். கார்ப்பெட்டுக்கு அடியில் வளையமாகக் கம்பி ஓட்டி ஒலிபெருக்கியோடு இணைத்தால், அதற்கான வசதி உள்ள காதுக் கருவியில் இமாமின் குரல் நேராக விழும். புதிதாகப் பள்ளி கட்டும் முத்தவல்லிகள் மின்சார வேலை நடக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

கடைசியாக ஜகாத். ஏழைப் பிள்ளையின் காதுக் கருவிக்கு ஜகாத் பணம் கொடுக்கலாமா எனக் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் ஹனஃபீ மத்ஹபில் ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுப்பது நிபந்தனை. கருவியையோ பணத்தையோ ஏழைத் தகப்பனாரின் கையில், பிள்ளையின் வலீ என்ற முறையில் ஒப்படைக்கவேண்டும். ஜமாஅத் பெயரில் கருவியை வாங்கி இரவல் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. அதற்கு ஸதகா நிதியைப் பயன்படுத்தட்டும். தகப்பனார் வசதியானவரானால் சிறு பிள்ளைக்கு ஜகாத் செல்லாது. பயிற்சிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், மாதந்தோறும் பேட்டரிச் செலவு ஆகியவற்றையும் இதே முறையில் கொடுக்கலாம். கருவி கிடைத்தும் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளால்தான். ஆகையால் ரமளானில் ஒரே தடவையாகக் கொடுத்து முடிக்காமல், ஓராண்டுக் கணக்குப் பார்த்து, கொடுப்பவர் முன்கூட்டியே ஒதுக்கி மாதாமாதம் சேர்ப்பது மேலானது. வல்லாஹு அஃலம்.